ஐந்து கார்களுக்கு மட்டும் வழிவிட்ட விதி

2021 டிசம்பர் 12 அன்று அபுதாபியில் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயத் தொடரின் கடைசிப் பந்தயத்தில், பட்டத்துக்குப் போட்டியிட்ட ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் ஆளுக்கு 369.5 புள்ளிகளுடன் களமிறங்கினர். அந்த அரைப் புள்ளியே, மழையில் சேஃப்டி காருக்குப் (ஆபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் மெதுவாக வழிநடத்தும் கார்) பின்னால் ஊர்ந்து முடிந்து, பாதிப் புள்ளிகளே தரப்பட்ட பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தின் மிச்சம். அதைப் பந்தயம் என்று அழைக்க எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

அபுதாபியில் லத்தீஃபி என்ற ஓட்டுநர் தடுப்பில் மோதியதும் சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் புதிய மென்டயர்களை மாட்டிக்கொள்ள, முன்னணியில் இருந்த ஹாமில்டன் தேய்ந்த கடின டயர்களிலேயே தொடர்ந்தார். ஒரு சுற்று பின்தங்கியிருந்த எட்டுக் கார்களில், இவ்விருவருக்கும் இடையே நின்ற ஐந்தை மட்டும் சேஃப்டி காரை முந்திச் செல்ல அனுமதித்துவிட்டு, சேஃப்டி கார் இன்னொரு சுற்று கழித்தே பிட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியையும் கடந்து, கடைசிச் சுற்றில் பந்தய அதிகாரிகள் பந்தயத்தை மீண்டும் தொடங்கினார்கள். மூன்றாவதாக வந்த சைன்ஸுக்கு முன்னால் நின்ற கார்களைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வெர்ஸ்டாப்பன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கிடைத்த வாய்ப்பை ஐந்தாம் வளைவிலேயே பயன்படுத்தி, ஹாமில்டனை முந்திப் பட்டத்தையும் வென்றார். என் மனக்குறையெல்லாம் நடுவர் மேசையோடுதான். பந்தய இயக்குநரை மாற்றிய எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய நிர்வாக அமைப்பு), மனிதத் தவறு நேர்ந்ததாக 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டு, பின்தங்கிய கார்கள் முந்துவது பற்றிய விதியில் ‘ஏதேனும்’ என்றிருந்த சொல்லை ‘அனைத்து’ என்று திருத்தியது.