30 கண்ணி 37 ஆன கதை

"வெயிலு இந்தப் போடு போடுது, நீங்க கம்பளியில்லா பின்னுதீங்க டீச்சர்!"

செங்கோட்டை பாசஞ்சரில் தினமும் எதிர் சீட்டில் வரும் அக்கா இதைச் சொன்னதும் பெட்டியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நியாயமான கேள்விதான். சித்திரை மாதம், பேட்டை ஸ்டேஷன் தாண்டுவதற்குள் சேலை முதுகோடு ஒட்டிவிடுகிறது, இதில் மடியில் ஒரு உருண்டை உல்லன் நூலை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

பெரிய காரணம் எதுவும் கிடையாது. பாளையங்கோட்டையில் வீடு, அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளிக்கூடம், கணக்கு டீச்சர். ரயிலில் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே. அந்த நேரம் முழுக்க போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், போனைத் திறந்தால் "இன்று மாலைக்குள் கீழ்க்கண்ட விவரத்தை அனுப்பவும்" என்று காலையிலேயே ஒரு செய்தி நிற்கும். கைக்கு வேறு ஏதாவது வேலை கொடுத்தால் போனை எடுக்க மாட்டோம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். யாருக்கும் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டாத வேலையாக இருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.

டவுனில் தையல் சாமான் கடை ஒன்றில் நிட்டிங் ஊசி கேட்டேன். கடைக்காரர் வளைந்த மூக்கு வைத்த ஒற்றை ஊசியை எடுத்துக் கொடுத்தார். அது குரோஷா ஊசி. "ரெண்டு ஊசில்லா வேணும்" என்றதும், "அப்ப இதையே ரெண்டா வாங்கிக்கிடுங்க" என்றார். சிரிக்காமல் சொன்னார். கடைசியில் பரண் மேலிருந்த டப்பாவில் ஒரு ஜோடி அலுமினிய ஊசி கிடைத்தது, 4 மில்லிமீட்டர். அவர் மனம் நோக வேண்டாமே என்று அந்தக் குரோஷா ஊசியையும் ஒன்று வாங்கிக்கொண்டேன். நூல் கருப்பு. அழுக்கு தெரியாது என்று நானே தேர்ந்தெடுத்தேன்.

புதிதாகப் பின்னப் பழகுகிறவர்கள் கருப்பு நூல் வாங்கவே கூடாது. எது கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், எது இரண்டு கண்ணிக்கு நடுவில் உள்ள இழை என்று கண்ணுக்குப் பிடிபடவே பிடிபடாது. அலுமினிய ஊசியும் ஆகாது, வழுக்கிக்கொண்டு போகும், மூங்கில் ஊசிதான் கண்ணியைப் பிடித்து வைக்கும். இதையெல்லாம் நான் இரண்டு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் ஒரு ஊசி சேரன்மகாதேவியில் சீட்டுக்கடியில் உருண்டு போய், ஒரு காலேஜ் பையன் குனிந்து எடுத்துக் கொடுத்தது எல்லாம் நடந்தது.

வீடியோ பார்த்து 30 கண்ணி ஏற்றினேன். நிட் என்கிற நேர்ப் பின்னல் மட்டும்தான், அதைத் தலைகீழாகப் போடும் பர்ல் பக்கமே போகவில்லை. நூல் ஊசிக்குப் பின்னால், கண்ணிக்குள் முன்னாலிருந்து குத்தி, நூலைச் சுற்றி இழுத்து, பழைய கண்ணியை நழுவ விடுவது. ஒவ்வொரு வரிசையிலும் இதையே செய்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடு மேடாக வரும். பத்து வரிசை போட்டுவிட்டு எண்ணினேன், 33. மறுபடி எண்ணினேன், 33. இருபதாவது வரிசையில் 37. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்டாஃப் ரூம் மேசையில் அதைப் பார்த்துவிட்டார்கள். "டீச்சர், இது சரிவகம்லா?" என்று ஒருத்தி கேட்டாள். சரியாகத்தான் சொன்னாள். இணையான இரண்டு பக்கம், இணையில்லாத இரண்டு பக்கம்.

"எண்ணிச் செய், எண்ணிச் செய்" என்று இத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான். முப்பது வரை எண்ணத் தெரியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும், ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண்ணுக்காக அவளுடைய ஆச்சி கையெழுத்துப் போட வந்தார். பையிலிருந்து ஊசி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இத யாரு டீச்சர் போடுதா?" என்றார். வெட்கத்தோடு எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்துச் சரசரவென்று இழுத்தார், என் இரண்டு மாத உழைப்பு அரை நிமிஷத்தில் அவர் மடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. ஒரு பிள்ளையின் நோட்டை நான் அப்படிச் செய்திருந்தால் மறுநாள் காலை வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கும்.

"வெள்ள நூலு வாங்கிட்டு வாங்க. சாயங்காலம் ரயிலுக்கு நேரமிருக்கும்லா, வீட்டுக்கு வாங்க."

ஆச்சி மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்காரர். மாஞ்சோலைக்கும் மேலே, நாலுமுக்கு தாண்டி ஊத்து. மழைக்காலத்தில் திருநெல்வேலி மாவட்ட மழையளவுப் பட்டியலில் முதலில் நிற்கும் பெயர்கள் அவைதான். கீழே நாம் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் நாளில் அங்கே தேயிலைக்குள் மேகம் இறங்கியிருக்கும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நர்ஸம்மாவிடம் சின்ன வயதில் பழகியதாம், அப்புறம் பெற்ற பிள்ளைகளுக்கும் லயன் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கும் போட்டுப் போட்டுக் கை ஓடிவிட்டது. 2024இல் எஸ்டேட்டில் எல்லோருக்கும் வேலை முடிந்து குடும்பங்கள் இறங்கியபோது ஆச்சியும் மகனோடு கீழே வந்தார். "இங்க எதுக்கு ஊசி? பனியே கெடயாது" என்று எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது என் ஊசிதான் அவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது, பார்வை தெருவில் இருந்தது.

30 எப்படி 37 ஆனது என்பதை அவர் திண்ணையில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன், சொல்லப்போனால் இந்த முழுக் கதையிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இரண்டு காரணம். ஒன்று, வரிசை முடிந்து திருப்பும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டிருக்கிறேன். அப்படிப் போட்டால் முதல் கண்ணி இழுபட்டு, அதன் இரண்டு காலும் தனித்தனியாக நின்று, இரண்டு கண்ணி மாதிரித் தெரியும். நானும் இரண்டாக நினைத்துப் பின்னியிருக்கிறேன். நூலை ஊசிக்குக் கீழே விட்டுப் பின்னால் கொண்டுபோனால் போதும். இன்னொன்று, நடுவில் யாராவது "டீச்சர் இது வீரவநல்லூரா?" என்று கேட்கும்போது நூல் முன்பக்கம் வந்துவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்த நிட்டைப் போட்டால் ஊசி மேல் ஒரு சுற்று கூடுதலாக விழும், அடுத்த வரிசையில் அது கண்ணியாகிவிடும், கீழே ஒரு ஓட்டையும் இருக்கும். அதாவது நான் எண்ணத் தெரியாதவள் இல்லை. இல்லாத ஒன்றை இருப்பதாக எடுத்து எண்ணியிருக்கிறேன். கழித்தலில் கடன் வாங்கிவிட்டு, கொடுத்த இலக்கத்தில் குறைக்காமல் விடும் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களிடம் நான் கேட்டதெல்லாம் "எத்தனை தடவை சொல்றது?" மட்டும்தான்.

பர்லும் வந்தது. நூல் முன்னால், ஊசி பின்னாலிருந்து முன்னால். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போட்டால் கடையில் வாங்கும் ஸ்வெட்டர் மாதிரி ஒரு பக்கம் வழவழப்பாக வரும், ஆனால் ஓரமெல்லாம் வாழைச்சருகு போலச் சுருளும். அது நம் தப்பில்லை, அந்தப் பின்னலின் சுபாவம். கண்ணி நழுவினால் ஏணிப்படி மாதிரிக் கீழே வரை அவிழ்ந்துகொண்டே போகும். முதல் தடவை அப்படி ஆனபோது நான் அலறியதில் ஆச்சி வீட்டுக் கோழி எழுந்து ஓடியது. ஆச்சி அந்தக் குரோஷா ஊசியை வாங்கி, ஒவ்வொரு படியாகக் கொக்கி போட்டு மேலே ஏற்றிக் கொடுத்தார். டவுன் கடைக்காரருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"பத்தமடைக்குப் பக்கத்துல வேல பாத்துக்கிட்டு, பாய் பின்னப் படிச்சாலாவது அர்த்தமிருக்கு" என்று எங்கள் தமிழாசிரியர் சொல்வார். சரிதான், ஆனால் கோரையை ஊறப்போட்டுக் கீறித் தரையில் தறி விரிப்பதை ரயிலில் எப்படிச் செய்ய? இடையன்குடிக்கார டீச்சர் ஒருவர், "எங்க ஊர்ல லேஸ் பின்னுறது கால்டுவெல் காலத்துலயே வந்துட்டு" என்று பெருமையடித்துக்கொண்டார். கால்டுவெல்லின் மனைவி எலைசா அங்கே பெண்களுக்கு லேஸ் சொல்லிக் கொடுத்தது உண்மை. எலைசாவின் அம்மா மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் ஆரம்பித்த வேலை அது. "ஒங்களுக்குப் பின்னத் தெரியுமா?" என்றேன். தெரியாதாம்.

வெயில் ஊரில் கம்பளி எதற்கு என்பவர்களுக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அக்னி நட்சத்திரத்திலும் காதை மூடிக் குல்லா போடுகிற ஊர் இது. தென்காசிப் பக்கமிருந்து சாரல் காற்று அடித்தாலே மங்கி குல்லாவைத் தேடும் தாத்தாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். நானும் ஸ்டாஃப் ரூமில் ஒருவருடைய குழந்தைக்குக் குல்லாதான் முதலில் போட்டேன். மாதிரித் துண்டு ஒன்று பின்னி அளந்ததில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. குல்லாச் சுற்றளவு 36 சென்டிமீட்டர் என்றால் 79.2. இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று போக நாலால் வகுபடணும், ஆகவே 80. கணக்கு அழகாக வந்தது. ஆனால் மாதிரித் துண்டு பின்னும்போது பயத்தில் இறுக்கிப் போட்டிருக்கிறேன், குல்லா போடும்போது கை தளர்ந்துவிட்டது, 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணிதான். குல்லா 44 சென்டிமீட்டருக்கு விரிந்து குழந்தையின் மூக்கு வரை இறங்கியது. அவன் அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளட்டும்.

இந்தத் தப்பை ஏழாம் வகுப்பில் போர்டில் போட்டேன். 80 கண்ணி, 10 சென்டிமீட்டருக்கு 18, சுற்றளவு என்ன? விகிதத்தில் அன்றைக்கு மட்டும் யாரும் தூங்கவில்லை. டீச்சர் எவ்வளவு தப்பு செய்தாள் என்று கண்டுபிடிப்பதில் அவ்வளவு ஆர்வம்.

கார்த்திகையில் ஆச்சி ஒன்று கேட்டார். அவருடைய தம்பி இன்னும் மேலேதான் இருக்கிறாராம், இறங்க மாட்டேன் என்கிறாராம். "ஒரு மப்ளர் போட்டுத் தாங்க டீச்சர். எனக்குக் கண்ணு மங்கிட்டு. வெள்ள வேண்டாம், புகைபட்டு அழுக்காயிரும். மொதல்ல ஒரு கருப்பு நூலு வச்சிருந்தீங்கள்ல?"

அதே கருப்பு நூல். காலை ரயிலில் வெளிச்சமும் போதவில்லை, அதனால் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு விரலால் தடவித்தான் எண்ணுகிறேன். ஒன்றரை மீட்டர் வேண்டும், இன்று காருகுறிச்சி வந்தபோது 62 சென்டிமீட்டர். பையில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு ஒன்று அடியில் கிடக்கிறது, அதைச் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்குக் கண்ணி 40 இருக்க வேண்டும். 40தான் இருக்கிறது.