வெயிலூரில் ஓடுகிறவர்களுக்கு மெந்தால் கொப்பளிப்பு

வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்வதில்லை. கத்திரி நாட்களில் சாயங்காலம் ஐந்தரைக்குக்கூட பாலாற்றுப் பாலத்தில் தார் அனலடிக்கும். சுற்றியிருக்கும் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வரைக்கும் கக்கும். இதில் பத்து கிலோமீட்டர் ஓடினால், கால் ஓய்வதற்கு முன்பே மனசு விட்டுப்போகிறது. மெந்தால், அதாவது புதினா உப்பு, கரைத்த நீரைக் கொப்பளித்துத் துப்புவது உதவுவது அந்த மனசுக்குத்தான்.

வாயில் குளிரை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் இருக்கிறது. சில்லென்ற தண்ணீர் திறக்கும் அதே கதவை மெந்தாலும் திறந்துவிடும். வாய் குளிர்ந்துவிட்டதாக மூளை நம்பும், மூச்சும் தாராளமாகப் போவதுபோல் இருக்கும். 2010இல் முண்டல், ஜோன்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், 34 டிகிரியில் சைக்கிள் மிதித்தவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 0.01 சதவீத மெந்தால் நீரைக் கொப்பளித்துத் துப்பினார்கள். சராசரியாக 9 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் உடம்புச் சூடு குறையவில்லை.

0.01 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்கு 0.1 கிராம். சமையலறைத் தராசு இதைக் காட்டாது. 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு வேண்டும். அதிலும் 0.2 கிராம் நிறுத்து இரண்டு லிட்டரில் போட்டால் பிழை குறையும். நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கேட்டால் ஊசி ஊசியான படிகமாகக் கிடைக்கும். பக்கத்து டப்பாவில் கற்பூரம் இருக்கும், அதை மாற்றி வாங்கிவிடாதீர்கள். வாயில் போடக் கூடாத நஞ்சு அது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் தண்ணீராக உருகிவிடும் என்பதால் தனி டப்பாவில் வையுங்கள். புதினா எண்ணெய் ஆகாது, அதில் மெந்தால் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

பெரும்பாலும் கெட்டுப்போவது கரைப்பதில்தான். பச்சைத் தண்ணீரில் போட்டால் படிகம் மேலே மிதக்கும். முதல் வாய் எரியும், அடுத்த வாய் வெறும் தண்ணீர். மெந்தால் 42 டிகிரி வாக்கில் உருகும். அதனால் கை பொறுக்காத சூட்டில், 55 டிகிரி அளவில், அரை லிட்டர் தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, படிகத்தைப் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். முழுக்கக் கரைந்த பிறகு மீதி ஒன்றரை லிட்டரைச் சேருங்கள். கொதிக்க வைத்தால் ஆவியாகிக் கண்ணைக் கரிக்கும், பாட்டிலில் குறைவாகத்தான் மிஞ்சும். பிளாஸ்டிக் பாட்டிலில் வாசனை ஏறினால் பிறகு போகவே போகாது. ஆறியதும் மூடியை இறுக்கி, குடிக்கிற தண்ணீர் இல்லை என்று எழுதி ஒட்டுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஓடும்போது 25 மில்லி, ஏறக்குறைய ஒரு வாய். ஐந்து முதல் பத்து விநாடி வாய் முழுக்கச் சுழற்றித் துப்ப வேண்டும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஆறு முறை, 150 மில்லி. முதல் கிலோமீட்டரிலேயே தொடங்கத் தேவையில்லை, உடம்பு சூடேறித் திணறத் தொடங்கும்போதுதான் பலன் தெரியும். போட்டி நாளில் முதன்முதலாக முயலாதீர்கள், சிலருக்கு ஓங்கரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். வேலூரின் சத்துவாச்சாரிப் பகுதியில் எடை தூக்கும் பிள்ளைகளுக்கு இது தேவையே இல்லை. சில விநாடியில் முடியும் வேலைக்கு வெயில் ஒரு தடையா என்ன?

ஆபத்தும் அந்தக் குளிர்ச்சியில்தான் ஒளிந்திருக்கிறது. வாய் சில்லென்று இருப்பதால் வேகத்தைக் கூட்டத் தோன்றும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். மயிர்க்கூச்சம், தலைசுற்றல், பேச்சுக் குழறல், வாந்தி, இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். பேச்சு குழறுகிறவருக்கு வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, மெந்தால் தாகத்தையும் மழுக்கும். நாக்கு கேட்கட்டும் என்று காத்திருந்தால் குடிக்கவே மாட்டீர்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ, அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.