தொண்டைக்குழியில் ஒரு மொட்டு

ஜூன் 3, 2024, திங்கள்

சொராய்தா கொர்தோவா 2021-இல் எழுதிய ஒர்க்கிதேயா திவினா நாவலை இரண்டாம் முறையாக எடுத்திருக்கிறேன். முதல் வாசிப்பில் அந்தப் பாட்டியின் மீது எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. இம்முறை சில அத்தியாயங்களுக்குள்ளாகவே எரிச்சல் வந்துவிட்டது. ஒர்க்கிதேயா மொந்தோயா, ஈக்வடாரின் குவாயாகில் துறைமுக நகரில் பிறந்து, அமெரிக்காவில் ஃபோர் ரிவர்ஸ் என்ற சிற்றூரில் வேரூன்றியவள். அவளுடைய சமையலறை அலமாரி ஒருநாளும் காலியாவதில்லை. பிள்ளைகளின் பட்டமளிப்பு, திருமணம், ஞானஸ்நானம் என எதற்காகவும் அவள் அந்த வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ஏன் என்று எவரும் கேட்பதில்லை; கேட்கக் கூடாது என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகள் நடை பழகும்போதே பழகிவிடுகிறார்கள். ஒருநாள் தன் இறுதிச் சடங்குக்குத் தானே அனைவருக்கும் அழைப்பு அனுப்புகிறாள். வந்தவர்களின் கண்ணெதிரே மரமாகிவிடுகிறாள். மரத்திடம் எவர் போய்க் கேள்வி கேட்பது?

அவள் விட்டுச்சென்றது வழித்தோன்றல்களின் உடம்பில் பூவாக முளைக்கிறது. பேரன் ஒருவனுக்குக் கையில், ஒரு கொள்ளுப்பேத்திக்கு நெற்றியில். பேத்தி மாரிமாருக்குத் தொண்டைக்குழியில் வந்ததோ ஒரு மொட்டு; ஏழு ஆண்டுகள் ஆகியும் அது விரியவில்லை. முதல் வாசிப்பில் இதை அழகான கற்பனை என்று குறித்து வைத்திருந்தேன். இப்போது அது ஒரு வழக்குப் பதிவு போலத் தெரிகிறது: காரணம் சொல்லப்படாத வீட்டில் வளர்ந்த பெண்ணின் குரல் எந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும் என்பதை ஆசிரியர் உடம்பில் விரல் வைத்துக் காட்டுகிறார். அந்த மொட்டு விரியாததற்கு, அவளுடைய இடத்தில் இருந்தால், நான் பாட்டியைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்; என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டியிருப்பேன்.

ஸ்பானிய மொழியில் புரூஹா என்றால் சூனியக்காரி, குராந்தேரா என்றால் குணப்படுத்துபவள். ஒரே கிழவி, பார்ப்பவரைப் பொறுத்து, இரண்டு பெயராலும் அழைக்கப்படுவாள். தமிழில் சூனியம் என்ற சொல் வெறுமைக்கும் உரியது என்பது, வாய் திறவாத சூனியப் பாட்டிகள் வரும் இத்தகைய லத்தீன் அமெரிக்க மரபு நாவல்களைப் படிக்கும்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கிழவி பேசாமல் விட்ட இடம் வெறுமையா மந்திரமா என்று தெரியாமல்தான் இளையவர்கள் அலைகிறார்கள்.

ஜூன் 5, புதன்

கதைக்கு வெளியே ஒரு சிறு குறிப்பு. டெக்சாஸின் ரியோ கிராந்தே பள்ளத்தாக்கில் வளர்ந்த மெக்சிகோ வழி எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா, 1987-இல் வெளிவந்த தம் நூலில், மூடிய வாயில் ஈ நுழையாது என்ற பழமொழியைச் சிறுவயது முழுவதும் கேட்டதாக எழுதுகிறார். வாயாடி, எதிர்த்துப் பேசுபவள், புறணி பேசுபவள் என்பதற்கெல்லாம் தம் மக்களிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு என்றும், அவற்றை ஆண்களைப் பற்றி எவரும் சொல்லிக் கேட்டதில்லை என்றும் சொல்கிறார். நம்மிடம் தவளை தன் வாயால் கெடும். அங்கே ஈ, இங்கே தவளை. ஆனால் நம் தவளைக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். அதை யார் யாரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை குறைந்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

சாந்திரா சிஸ்னேரோஸின் மாங்கோ தெரு வீடு (1984) நாவலைச் சூனியக் கதை என்று எவரும் வகைப்படுத்துவதில்லை. ஆயினும் இந்த மரபின் வேர் அங்கே இருப்பதாக எனக்குப் படுகிறது. சிகாகோவில் வளரும் எஸ்பெரான்சாவுக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அடங்காத குதிரை போன்ற அந்தக் கொள்ளுப்பாட்டி திருமணமே வேண்டாம் என்றவள். கொள்ளுத்தாத்தா அவள் தலையில் ஒரு சாக்கைப் போட்டு, ஏதோ அலங்கார விளக்கைத் தூக்கிப் போவது போலத் தூக்கிப் போனாராம். அவள் அவரை மன்னிக்கவே இல்லை. வாழ்நாள் முழுவதும் சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரை ஏற்றுக்கொண்டேன், அந்தச் சன்னலோர இடம் எனக்கு வேண்டாம் என்கிறாள் சிறுமி.

ஆனால் அந்தக் கொள்ளுப்பாட்டி சன்னலோரம் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எவருக்கும் தெரியாது. எஸ்பெரான்சாவிடம் இருப்பவை ஊகங்கள் மட்டுமே: கிடைத்ததைக் கொண்டு மனத்தைத் தேற்றிக்கொண்டாளா, ஆக முடியாதவற்றை எண்ணி வருந்தினாளா? சொத்தாக வந்து சேர்ந்தது ஒரு கேள்விக்குறி. இளையவளின் ஐயம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். மூத்தவள் வாயைத் திறந்து, எனக்கு இது பிடிக்கவில்லை என்று ஒருமுறை சொல்லியிருந்தால், பிடிக்காமல் போவது குற்றமில்லை என்பதாவது அடுத்தவளுக்குத் தெரிந்திருக்கும்.

அதே நூலில் எலெனிதா என்ற குறிசொல்லி வருகிறாள். சமையலறைதான் அவளுடைய சந்நிதி. பக்கத்து அறையில் தொலைக்காட்சியில் கார்ட்டூன் ஓடுகிறது, அவளுடைய பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள். தலைவலிக்கு முகத்தில் குளிர்ந்த முட்டையைத் தடவச் சொல்கிறாள். (முட்டையைச் சுற்றிப் போட்டுக் கண்ணேறு கழிக்கும் வீடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வரியில் அந்நியமே தெரியவில்லை.) தண்ணீர்க் குவளைக்குள் ஏதேனும் முகம் தெரிகிறதா என்று கேட்கிறாள். எஸ்பெரான்சாவுக்குக் குமிழிகள் மட்டுமே தெரிகின்றன. தனக்கு ஒரு வீடு அமையுமா என்று அவள் கேட்க, நெஞ்சுக்குள் ஒரு வீடு என்று பதில் வருகிறது. அவளுக்கு அது விளங்கவில்லை. எலெனிதா பேசுகிறாள், ஐந்து டாலர் வாங்கிக்கொண்டுதான் பேசுகிறாள், என்றாலும் பேசுகிறாள். இந்தப் புனைவுகளின் மர்மப் பாட்டிகளைவிட, கார்ட்டூன் இரைச்சலுக்கு நடுவே சீட்டைப் பரப்பும் இந்தப் பெண்ணை நான் கூடுதலாக நம்புகிறேன்.

ஜூன் 14, வெள்ளி

இசபெல் அயெந்தே 1982-இல் வெளியிட்ட ஆவிகளின் வீடு நாவலில் வரும் கிளாராவை எப்படி இத்தனை நாள் தவறாக நினைவில் வைத்திருந்தேன் என்று வியப்பாக இருக்கிறது. கிளாரா ஒன்பது ஆண்டுகள் பேசாமல் இருந்தாள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பேரழகியான அக்கா ரோசா தந்தைக்கு வைத்த நஞ்சைக் குடித்து இறக்கிறாள். அவளுடைய உடலை வீட்டிலேயே அறுத்துச் சோதிப்பதைச் சிறுமி கிளாரா சன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறாள். அந்த அதிர்ச்சியில் வாயடைத்துப் போனாள் என்பதே நான் வைத்திருந்த விளக்கம். இன்று அந்தப் பக்கங்களை மறுபடியும் படித்தபோது, அதற்கு முன்னால் இருப்பது கண்ணில் பட்டது. வீட்டில் ஒரு சாவு நேரும், அது தவறுதலாக நேரும் என்று அவளே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறாள். மனத்தின் வலிமையால் மேசை மேல் இருக்கும் உப்புக் குவளையை நகர்த்த முடிகிறதென்றால், சாவையும் நிலநடுக்கத்தையும் தானே வரவழைத்திருக்கலாமே என்ற அச்சம் அவளைப் பிடித்துக்கொள்கிறது.

பேசாமை அங்கே ஐயத்திலிருந்து பிறக்கிறது. கண்டதைச் சொன்னேன், சொன்னது நடந்தது, ஆகவே நடந்ததற்கு நான்தான் பொறுப்பு: பத்து வயதுப் பெண்ணின் கணக்கு இது. கணக்கு தவறு என்று எடுத்துச் சொல்ல அந்தப் பெரிய வீட்டில் ஒருவரும் இல்லை, ஏனென்றால் அவள் இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மருத்துவர் மாத்திரை கொடுக்கிறார். வீட்டுத் தாதி பூதம் போல வேடமிட்டுப் பயமுறுத்திப் பேசவைக்கப் பார்க்கிறாள். கிளாரா ஒரு சிறு பலகையில் எழுதிக் காட்டி நாட்களைக் கடத்துகிறாள். பத்தொன்பதாம் வயதில் வாய் திறக்கும்போது, தனக்கு விரைவில் திருமணம் நடக்கப் போகிறது என்று அறிவிக்கிறாள். மணமகன், இறந்த அக்காவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த எஸ்தேபான் த்ருவேபா.

பிற்காலத்தில் அந்த எஸ்தேபான் அவளை அறைந்து முன்பற்களை உடைக்கிறான். அன்றோடு அவனிடம் பேசுவதை அவள் நிறுத்திவிடுகிறாள், சாகும்வரை. மற்ற எல்லோரிடமும் பேசுகிறாள், சிரிக்கிறாள், ஆவிகளோடும் அளவளாவுகிறாள். வெளியிலிருந்து பார்க்கும் பேத்திக்கு முதல் மௌனமும் இரண்டாவது மௌனமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் முதலாவது தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளும் சிறுமியுடையது. இரண்டாவது, தீர்ப்பு எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்த பெண்ணுடையது. மௌனப் பாட்டிகளைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஞானம் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள் என்பதே என் ஆத்திரம்.

ஜூன் 16, ஞாயிறு

கிளாராவைப் பற்றி எழுதியதில் ஒன்று விடுபட்டது. பேசாத காலத்திலும் பேசிய காலத்திலும் அவள் குறிப்பேடுகள் எழுதிவந்தாள். பேத்தி ஆல்பா, இராணுவ ஆட்சியின் சித்திரவதைக்குப் பிறகு, அந்தக் குறிப்பேடுகளைக் கொண்டுதான் குடும்பத்தின் கதையை மீட்டெடுக்கிறாள். அயெந்தேயும் அந்த நாவலை 1981 ஜனவரி 8 அன்று, சிலியில் மரணப்படுக்கையில் இருந்த தம் தாத்தாவுக்கு வெனிசுவேலாவிலிருந்து எழுதிய கடிதமாகத்தான் தொடங்கினார். ஒர்க்கிதேயா ஒரு வரி எழுதிவைக்கவில்லை. என் எரிச்சலுக்குக் காரணம் ஒருவேளை இதுதான்.

ஜூன் 21, வெள்ளி

வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் போனேன். மெக்சிகோ நகரில் ஸ்பானிய மத விசாரணை மன்றம் 1571-இல் நிறுவப்பட்டது. சூனியக்காரிகளைக் கூட்டம் கூட்டமாக எரித்த ஐரோப்பியக் கதைகளையே கேட்டு வளர்ந்த நாம், அங்கும் அதுவே நடந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். மானிடவியலாளர் ரூத் பெஹார், 18-ஆம் நூற்றாண்டு மெக்சிகோவின் விசாரணை ஆவணங்களை ஆராய்ந்து 1980-களில் எழுதிய கட்டுரைகள் வேறொரு காட்சியைத் தருகின்றன. கணவனின் அடியையோ வேறொருத்தியின் தொடர்பையோ தாங்க முடியாமல், அவனை அடக்க உணவில் எதையேனும் கலந்த பெண்கள், குற்ற உணர்வு தாளாமல் தாங்களாகவே வந்து ஒப்புக்கொள்கிறார்கள். விசாரணையாளர்களோ அதைப் பெரும்பாலும் அறியாமை, மூடநம்பிக்கை, பெண்களின் பிரமை என்று ஒதுக்கி, கண்டித்து அனுப்பிவிடுகிறார்கள்.

உயிர் பிழைத்ததற்கு மகிழ வேண்டும்தான். இருந்தாலும் வீடு திரும்பும் அந்தப் பெண்ணை எண்ணிப் பார்க்கிறேன். பிசாசோடு உடன்படிக்கை செய்துவிட்டதாக நடுங்கிக்கொண்டு போனவளிடம், நீ செய்ததற்கு எந்த வலுவும் கிடையாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவளுடைய பாவத்தைக்கூட அவளால் நம்ப முடியாமல் போகிறது. அதன் பிறகு தன் மகளிடம் அவள் எதைச் சொல்லித் தருவாள்? நெருப்பைவிட இந்தத் தள்ளுபடிதான் பேச்சைத் திறமையாக அணைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். பெஹார் மீது ஏற்றக் கூடாது.

ஜூன் 25, செவ்வாய்

ஃபெர்னாந்தா மெல்சோரின் சூறாவளிப் பருவத்தை (2017) இரவில் படிக்கக் கூடாது என்று தெரிந்தும் படித்தேன். சூனியக்காரியின் பிணத்தை வாய்க்காலில் சிறுவர்கள் கண்டெடுப்பதில் நாவல் தொடங்குகிறது. மருந்துக்காகவும் வசியத்துக்காகவும் ஊர்ப் பெண்கள் அவள் வீட்டுச் சமையலறைக்கு வந்து போயிருக்கிறார்கள். அவளுடைய தாயும் சூனியக்காரி என்றே அழைக்கப்பட்டவள். மகளுக்கு வந்து சேர்ந்த சொத்தில் அந்தப் பட்டமும் ஒன்று. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்ததாக ஊருக்கே தெரியாது. அத்தியாயம் அத்தியாயமாக யெசெனியா, முன்ரா, நோர்மா, பிராந்தோ என்று மற்றவர்களின் மூச்சிரைக்கும் நினைவோட்டங்கள் வருகின்றன. கொலையுண்டவளுக்கு ஓர் அத்தியாயம்கூடத் தரப்படவில்லை. பக்கக் கணக்கில் வரும் ஒரே வாக்கியம் ஊரின் வாயாக விரிந்துகொண்டே போக, நடுவில் அவள் ஓசையற்ற ஒரு குழி போலக் கிடக்கிறாள்.

மெல்சோர் அந்த மௌனத்தை எங்கும் அழகுபடுத்தவில்லை. இந்த ஒரு மாத வாசிப்பில் நான் கண்ட மிக நேர்மையான மௌனம் இதுதான்.

ஜூன் 30, ஞாயிறு

மறுபடியும் ஒர்க்கிதேயா. நாவலாசிரியர்களின் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பாட்டி முதல் அத்தியாயத்திலேயே உட்கார்ந்து விளக்கிவிட்டால் புத்தகம் இருபது பக்கத்தில் முடிந்துவிடும். அவளுடைய வாயை அடைப்பது கதைக்கு வசதி. அதேபோல, தன் ஆற்றலை வெறுக்கும் பேத்தியும் கதைக்கு வசதி. கொர்தோவாவின் முந்தைய நாவல் ஒன்றில் (2016) புரூக்ளினில் வாழும் அலெக்ஸ், தனக்கு வாய்த்த சக்தியைத் தொலைக்க ஒரு மந்திரம் போட்டு, குடும்பத்தையே தொலைக்கிறாள். இளையோருக்கான சூனியக் கதைகளில் இது ஏறக்குறைய வாய்பாடாகிவிட்டது.

என்றாலும் ஒர்க்கிதேயாவை அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்படாத குவாயாகில் வாழ்க்கை, இடையிடையே தனி அத்தியாயங்களாக வாசகருக்குச் சொல்லப்படுகிறது. மணமாகாத தாய்க்குப் பிறந்து, தகப்பன் பெயரில்லாதவள் என்று ஊரார் ஏசக் கேட்டு வளர்ந்து, ஊர் ஊராகச் செல்லும் ஒரு கேளிக்கைக் குழுவோடு புறப்பட்டுப் போன பெண்ணை நான் அறிவேன், மாரிமார் அறியாள். பின்னாளில் மறைந்திருந்து குடும்பத்தைத் துரத்தும் ஆபத்திலிருந்து காப்பாற்றத்தான் அவள் வாயை மூடியிருந்தாள் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் காப்பு எதற்கு எதிரானது என்று தெரியாமல்தான் பிள்ளைகள் அதன் முன் வெறுங்கையோடு நிற்கிறார்கள். பாட்டி என்னிடம் சொல்லிவிட்டாள், பேத்தியிடம் சொல்லவில்லை. இதில் எனக்கு ஏதோ திருட்டுத்தனமாகக் கேட்டுவிட்ட கூச்சம் இருக்கிறது.

பிற்பகலில் ஒன்று செய்தேன். நிகழ்கால அத்தியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிளிப் போட்டு மூடிவிட்டேன். ஒர்க்கிதேயாவின் குவாயாகில் அத்தியாயங்களை மட்டும், பிறப்பிலிருந்து, ஒரே மூச்சில் சத்தமாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன், எதிரில் மாரிமார் உட்கார்ந்து கேட்பதாக வைத்துக்கொண்டு. இரண்டாவது அத்தியாயத்திலேயே தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் குடித்துவிட்டு மூன்றாவதற்குப் போகிறேன்.