தோள்வலி தொட்டித் தண்ணீரில் இருந்தது

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஏறி, மேல்கம்பியைப் பிடிக்க வலது கையைத் தூக்கினேன். பாதிக்கு மேல் போகவில்லை. சுளுக்கு என்று நினைத்து இடது கையால் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்தும் இடது கைதான். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்துக்கொண்டு மற்றதை அப்புறம் மாட்டுகிறேன் என்பதை வீட்டில் சொல்லித்தான் கவனித்தேன். கண்ணாடி துடைக்கிற வேலைக்கு வந்து அப்போது 11 வருஷம்.

அதுவரை இந்த வேலையில் பயப்பட வேண்டியது உயரத்துக்கு மட்டும்தான் என்று இருந்தேன். கேட்கிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள், "மேல நிக்கும்போது தலை சுத்தாதா அண்ணாச்சி?" என்று. நம்மூரில் என்ன பெரிய உயரம்? வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிகள், டவுன் ஜவுளிக்கடைகள், பெருமாள்புரத்து ஷோரூம்கள் எல்லாம் நாலு மாடி, அஞ்சு மாடி. தொட்டில் கட்டித் தொங்குகிற வேலை வருஷத்துக்கு ரெண்டு மூணு வந்தால் அதிகம். அதற்கு பெல்ட் உண்டு, கயிறு உண்டு, அது அறுந்தால் பிடிக்க இன்னொரு கயிறும் உண்டு. என் தோளைக் கெடுத்தது தரையில் நின்று துடைத்த கண்ணாடி.

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுத்த பெண் கேட்டாள்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை தோளுக்கு மேல கையைத் தூக்குவீங்க?" எனக்கு பதில் தெரியவில்லை. மறுநாள் எண்ணிப் பார்த்தேன். 4 அடிக்கு 6 அடி பேனல் ஒன்று. சோப்புத் தண்ணீர் பூச 6 தடவை. வைப்பர் இழுக்க 5. மூலை முடுக்கைத் துணியால் ஒற்ற 3. நடுவில் உப்புப் புள்ளியைத் தேய்த்து எடுக்க 19. மொத்தம் 33. அன்றைக்கு 40 பேனல், 1,320 தடவை. அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் உப்புக்கே போகிறது என்று பேப்பரில் எழுதிய பிறகுதான் உறைத்தது.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது? மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது. தூசி துடைத்தால் போய்விடும். கட்டடத்து போர் தண்ணீரை வாளியில் பிடித்து, அதில் சோப்புக் கலக்கி, அதையே கடைசியில் ஊற்றியும் கழுவுகிறோம். வைப்பர் தொடாத ஓரமெல்லாம் வெயிலில் காய்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் எங்கே போகும்? கண்ணாடியில்தான் வெள்ளைப் பொட்டாக உட்காரும். போன மாசம் நாமே பூசிவிட்டு வந்ததை இந்த மாசம் நாமே முக்கி முக்கித் தேய்க்கிறோம். இதற்குக் கூலி வேறு.

ஆர்.ஓ. மெஷின் விற்கிற தம்பியிடம் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் உண்டு, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். ஒருநாள் இரவல் வாங்கினேன். வேலை செய்த கட்டடத்துப் போர் தண்ணீரில் முக்கினால் 1,800-க்கு மேல் காட்டியது. குடிக்கிற தண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிற அளவு 500. வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 2,000 வரை விடுகிறார்கள். அதே கட்டடத்தில் வாசல் ஓரமாக தாமிரபரணிக் குழாய் ஒன்று இருந்தது. அதில் வைத்தால் இருநூறைக்கூடத் தொடவில்லை. பொதிகையில் பிறந்த தண்ணீர் வாசலுக்கு வந்து நிற்க, நாங்கள் பூமிக்கடியிலிருந்து உப்பை இறைத்துக்கொண்டிருந்தோம்.

வெளிநாட்டில் நீளக் கம்பில் பிரஷ்ஷும் குழாயும் கட்டி, அந்த மீட்டரில் 10-க்குக் கீழே காட்டுகிற அளவுக்குச் சுத்திகரித்த தண்ணீரை அடித்து, துடைக்காமல் அப்படியே காயவிடுவார்கள். புள்ளி விழாது. அந்த கார்பன் ஃபைபர் கம்பு விலையைக் கேட்டுவிட்டு நான் பேச்சை மாற்றிக்கொண்டேன். ஆனால் மீட்டர் கையில் இருந்த அன்றைக்கே, ஏசி குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரிலும் சும்மா வைத்துப் பார்த்தேன். 24. காற்றிலிருக்கிற ஈரம் குளிர்ந்து விழுகிற தண்ணீர்தானே அது. நாலு ஏசிக்குக் கீழே கேன் வைத்தால் சாயங்காலத்துக்குள் ஒரு குடம் தாராளமாகச் சேரும். துணியில் வடிகட்டி, வயலுக்கு மருந்தடிக்கிற மாதிரிக் கைப்பம்பு ஒன்று புதுசாக வாங்கி, அதில் நிரப்பிக் கடைசித் தண்ணீராக அடிக்கிறேன். பழைய உப்புக்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அடித்து, 10 நிமிஷம் விட்டால் தானே இளகும். கீழே மார்பிள் இருந்தால் மட்டும் ஒரு சொட்டும் விழக்கூடாது, அரித்துவிடும். கக்கூஸ் ஆசிட்டை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அலுமினிய ஃபிரேம் வெளுத்துப்போகும், அடிக்கிறவன் நெஞ்சும் எரியும்.

மூணாவது மாசம் மறுபடி எண்ணினேன். உப்பைத் தேய்க்கிற 19 தடவை 4 ஆகியிருந்தது.

மற்றதெல்லாம் சில்லறை. ஆனால் சில்லறைதான் சாயங்காலம் வலியாகச் சேர்கிறது. பெரிய வைப்பர் வைத்தால் சீக்கிரம் முடியும் என்று 18 இஞ்ச் வைத்திருந்தேன். தலைக்கு மேலே இழுக்கும்போது அது 14-ஐவிட எவ்வளவு கனம் இழுக்கிறது என்று மாற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ரப்பரில் கஞ்சத்தனம் வேறு. மழுங்கின ரப்பரை அழுத்தி அழுத்தி இழுத்து மூணு மாசம் ஓட்டுவேன். கூர் போனால் திருப்பிப் போடலாம், ரெண்டு பக்கமும் போனால் தூர எறியலாம். எங்கள் தம்பி ஒருவன் போனில் பார்த்துச் சொன்னான், முந்தியெல்லாம் ரெண்டு ரப்பர் போட்ட கனமான இரும்பு வைப்பர்தானாம், ரப்பர் மாற்ற 12 ஸ்க்ரூ கழற்ற வேண்டுமாம். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலிக்காரர், அவரும் கண்ணாடி துடைக்கிறவர்தான், 1936-ல் ஒற்றை ரப்பரோடு லேசான பித்தளை வைப்பரைச் செய்தாராம். அவருக்கும் தோள் வலித்திருக்கும்.

துணி பிழிவதை நிறுத்தினேன். ஒரு நாளில் நூறு தடவை முறுக்கினால் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்? வாளிக்குள் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் துணியை உள்ளங்கையால் ஒரு அமுக்கு. அவ்வளவுதான். வாளியும் பாதிதான் நிரப்புவது. 15 லிட்டர் என்றால் 15 கிலோ, மாடிப்படி வேறு. எட்டாத இடத்துக்குக் கம்பு. கண்ணாடிக்கு நேர் கீழே நிற்காமல் ரெண்டடி பின்னால் நின்றால் கழுத்து மடங்காது. ஆனி, ஆடியில் மட்டும் நீளக் கம்பை எடுப்பதில்லை. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருகிற காற்று நமக்குப் புழுதியோடுதான் வரும், கம்பைப் பிடித்து நிற்கவே பாதி பலம் போகும்.

பொறுத்து நிற்கிற பாடத்தை எனக்கு நல்லா நடத்தியது 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, ஜங்ஷன் எல்லாம் ஆறாகிப் போனது. தண்ணீர் வடிந்த பிறகு கூப்பிட்ட கடைகளில் இடுப்பளவு உயரத்துக்குக் கண்ணாடியில் சேறு காய்ந்து ஓடாக இருந்தது. கடைக்காரர்கள் தாங்களே துணியை எடுத்துத் தேய்த்திருந்த இடமெல்லாம் கீறல், வண்டலில் மணல் இருக்கிறதல்லவா? நாங்கள் கையே வைக்கவில்லை. ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, ஊறவிட்டு, மறுபடி விட்டு, மூணாந்தடவை தானாக வழிந்து இறங்கியது. அவ்வளவு வேலை பார்த்தும் அந்த வாரம் எனக்குத் தோள் வலிக்கவில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஊறவிட்டு நிற்கிற 10 நிமிஷம், பார்க்கிறவனுக்குச் சும்மா நிற்கிற மாதிரிதான் தெரியும். ஒரு கட்டடத்தில் சூப்பர்வைசர் எங்களை போட்டோ எடுத்து, "மூணு பேரும் சும்மா நிக்கானுவ" என்று முதலாளிக்கு அனுப்பிவிட்டார். பில்லில் 500 ரூபாய் குறைந்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்ததை யாரும் போட்டோ எடுக்கவில்லை. தம்பிமார் கொதித்தார்கள். "விடுங்கலே" என்றேன். இப்போது அந்தக் கட்டடத்தில் மட்டும், வினிகர் அடித்ததும் ஆளுக்கொரு காய்ந்த துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கைப்பிடிக் கம்பியை 10 நிமிஷம் தடவிக்கொண்டிருக்கிறோம். நான் இடது கையால் தடவுகிறேன்.