வாடகை மிச்சம்

இதை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். மற்ற ஒன்பதும் சனிக்கிழமை மாலையிலிருந்து பிரேக் பிடித்த வாக்கிலேயே மடங்கி நிற்கின்றன. காலையில் பிரஷ் மூன்று முறை வாஷ்பேசினில் விழுந்தது. நான்காவது முறை எடுக்கவில்லை. பல் துலக்காமல் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார முடிந்தது இன்று வீட்டிலிருந்து வேலை செய்வதால்தான்.

கனடாவில் மலை மேலிருந்து சைக்கிளில் இறங்குவதற்கென்றே இருக்கும் விஸ்லர் பைக் பார்க் போகிறேன் என்றதும் ஆபீசில் எதிர் மேசைத் திருச்சிப் பையன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். “அண்ணா, அங்க டவுன்ஹில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பேசாம எடுத்துக்குங்க. உங்க டிரெயில் பைக்கைத் தூக்கிட்டுப் போகாதீங்க.” டவுன்ஹில் சைக்கிள் என்றால் செங்குத்தான இறக்கத்துக்கென்றே செய்தது. டிரெயில் பைக் ஏற்றம், இறக்கம் இரண்டுக்குமான சாதா மலைச் சைக்கிள். விசாரித்தேன். வாடகையைக் கேட்டதும் காது கொஞ்ச நேரம் அடைத்துப்போனது. அப்புறம் கணக்குப் போட்டேன். என் சைக்கிளின் முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வை வாங்கிக்கொள்ளும் கவை, 140 மில்லிமீட்டர் அமுங்கும். அவர்களுடையது 200. வித்தியாசம் 60 மில்லிமீட்டர். அதாவது ஒரு சுண்டுவிரல். சுண்டுவிரலுக்கு இவ்வளவு வாடகையா? முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டை மட்டும் எடுத்தேன். அதுவும் என் வீட்டு அம்மிணி போட்ட நிபந்தனை.

மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். தனியாக விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் புல்வெளியில் கீரை விதைத்துவிடுவார். போன மாதம் ஏற்கெனவே ஒரு பாத்தி ஆகிவிட்டது. 99ஆம் நெடுஞ்சாலையில் வெகுதூரம் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை. எல்லோரும் படம் எடுக்கிற இடம். அவர் வழியில் வரும் ஸ்குவாமிஷ் ஊர் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க மாப்பிள்ளை, இத்தனை தூரத்துல ஒரு டீக்கடை இல்லீங்களே” என்றார்.

லிப்ட் வரிசையில் நின்றபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் மார்க்கவசம், முழங்கால் கவசம், முழங்கைக் கவசம் என்று தெருக்கூத்து ராஜா போல் இருந்தார்கள். நான் காட்டன் டீஷர்ட்டில் இருந்தேன். ஃபிட்ஸ்சிம்மன்ஸ் நாற்காலி லிப்ட் சைக்கிளையும் ஆளையும் மேலே கொண்டுபோய் விடுகிறது. இறங்குவது மட்டும்தான் நம் வேலை. என் சைக்கிளின் பின்சக்கரத்தில் 51 பல் கொண்ட ஒரு வட்டு இருக்கிறது, ஊத்தப்பம் அளவு. செங்குத்தான ஏற்றத்தில் மிதிப்பதற்கென்றே வைத்தது. அன்று முழுக்க அந்த ஊத்தப்பத்தைச் சும்மா சுமந்து திரிந்தேன்.

முதல் இறக்கம் ‘ஈசி டஸ் இட்’. பச்சை வட்டம் போட்ட பாதை, அதாவது சுலபமானது. வளைவுகளையெல்லாம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள், சைக்கிள் தானாகத் திரும்புகிறது. கீழே வந்ததும் மாமனாரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். அந்த விரல் கடைசியாக நேராக நின்றது அப்போதுதான்.

இரண்டாவது ‘கிராங்க் இட் அப்’. நீலம், அதாவது நடுத்தரம். மேசை போல மண்ணைக் குவித்து மேடுகள் கட்டியிருப்பார்கள். தெரிந்தவர்கள் இந்த விளிம்பில் எழும்பி அந்த விளிம்பில் இறங்குவார்கள். தெரியாதவர்கள் மேசை மேல் உருண்டு போகலாம். நான் உருண்டேன். மேசைகள் ஒன்றும் செய்யவில்லை. பிரச்சினை வளைவுக்கு முன்னால் இருந்தது. சீசன் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து, தரை தகரக் கூரை மாதிரி அலையலையாகிக் கிடக்கிறது. 200 மில்லிமீட்டர்காரன் அதன் மேல் ஜமக்காளத்தில் நடப்பது போலப் போகிறான். எனக்கு அந்தச் சுண்டுவிரல் இல்லாத குறை ஒவ்வொரு அலையிலும் தோள்பட்டை வரை வந்து கையெழுத்துப் போட்டது. பயத்தில் நானும் பிரேக் பிடித்தேன். அதாவது அடுத்தவனுக்காக அலையை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்திவிட்டுப் போனேன்.

ஒரு சின்னப் பெண், பத்து வயது இருக்கும், பின்னாலிருந்து “ஆன் யுவர் லெப்ட்!” (இடப்பக்கம் வருகிறேன்) என்று பாடிக்கொண்டே தாண்டியது. அது பரவாயில்லை. அதன் பின்னால் வந்த நரைத்த தலைக்காரர் என்னுடையதைப் போன்ற சாதா டிரெயில் பைக்கில் வந்தார், அதே மேசைகளில் காற்றில் எழும்பிப் போனார். அதுதான் வலித்தது. சைக்கிள் மேல் பழி போடும் வழியையும் அடைத்துவிட்டார் மனிதர்.

அடுத்த பாதையான ‘ஏ-லைன்’ வாசலில் கறுப்பு டைமண்ட் போட்ட பலகை, அதாவது கடினம். ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். சில பேருக்குச் சன்னிதிக்கு வெளியிலிருந்து கும்பிட்டால் போதும்.

மூன்றாவது இறக்கத்தில் புத்தி கெட்டது. வேரும் பாறையுமாக ஒரு கிளைப் பாதை பிரிந்தது. மரத்தில் பலகை இருந்தது, படிக்கவில்லை. டவுன்ஹில் சைக்கிளில் பிரேக் வட்டு 200 மில்லிமீட்டருக்குக் குறையாது. என்னுடையது முன்னால் 180, பின்னால் 160. பாதி வழியிலேயே கருகல் வாடை. யாரோ காட்டுக்குள் அப்பளம் சுடுகிறார்கள் என்று நினைத்தேன். சுட்டது நான்தான். பிரேக் ஆடு கத்துவது போலக் கத்தியது. பிடித்தும் நிற்கவில்லை. எதிரே ஒரு பாறை. முன்சக்கரம் எப்படியோ தாண்டியது. பின்சக்கரம் ‘டணங்’ என்றது.

டியூப்லெஸ் டயருக்குள் பஞ்சரை அடைக்க ஊற்றியிருக்கும் வெள்ளைத் திரவம் தெரியுமல்லவா, அது விளிம்பிலிருந்து பீய்ச்சி முதுகிலும் ஹெல்மெட்டிலும் அபிஷேகம் ஆனது. ரிம்மில் ஆழாக்கு விழுங்கும் அளவுக்கு ஒரு நெளிவு.

தள்ளிக்கொண்டு நடந்தேன். பனிக்காலத்தில் ஸ்கீ சறுக்கும் புல்வெளியில், கொஞ்ச தூரத்தில், ஒரு கறுங்கரடி. புல் மேய்ந்துகொண்டிருந்தது. நான் மூச்சை அடக்கிச் சிலையாக நின்றேன். அது பந்தியில் உட்கார்ந்தவர் போலத் தலையைத் தூக்கவே இல்லை. அன்று என்னைத் தாண்டிப் போகாத ஒரே உயிர்.

கீழே மாமனார் தயிர்சாத டப்பாவோடு பெஞ்சில் காத்திருந்தார். என் முதுகைப் பார்த்தார். “மேல பெயிண்ட் அடிக்கறாங்களா?” என்றார். நான் டப்பாவைத் திறக்கப் பார்த்தேன். விரல் மூடியைத் தொடுகிறது, இழுக்க மாட்டேன் என்கிறது. ஐந்து நிமிடம் போராடினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் திறந்து, ஊறுகாயை ஓரமாக வைத்து, ஸ்பூனை என் முஷ்டிக்குள் செருகினார்.

அப்புறம் பர்லியார் கதை ஆரம்பித்தது. இருபது வயதில் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலைப்பாதையில் இருக்கும் பர்லியாருக்குப் பலாப்பழம் எடுக்கப் போவாராம். ஏற்றத்துக்கு லாரியில் சைக்கிளைப் போட்டுக்கொள்வது, இறக்கத்தில் கேரியரில் இரண்டு பழத்தைக் கட்டிக்கொண்டு அடிவாரத்துக் கல்லாறு வரை மிதிக்காமல் வருவது. கம்பி பிரேக் சைக்கிள். மழை பெய்தால் அதுவும் பிடிக்காது. “அப்ப எப்படி மாமா நிறுத்துவீங்க?” “செருப்புக் காலை முன் டயர்ல வெச்சு அழுத்தறதுதானுங்க. மாசம் ஒரு செருப்பு.” லிப்டை அண்ணாந்து பார்த்தார். “இதையே அன்னிக்கு லாரிக்காரனுக்கு ஒரு பழம் குடுத்துப் பண்ணுனோம். இவங்க டிக்கெட் போட்டிருக்காங்க.”

மலையிலேயே ஒரு கடையில் ரிம்மைக் காட்டினேன். புது ரிம், பிரேக் கட்டை, கொஞ்சம் தடித்த டயர், கூலி. பில் தொகைக்கு இரண்டு நாள் டவுன்ஹில் சைக்கிள் எடுத்து, மூன்றாம் நாளுக்கு அட்வான்ஸும் கொடுத்திருக்கலாம். பழைய ரிம்மைத் தூக்கிப் போட மனசு வராமல் காரில் வைத்துக்கொண்டு வந்தேன். அதுதான் தப்பு.

வீட்டு வாசலில் அம்மிணி நின்றிருந்தாள். ரிம்மைப் பார்த்தாள், பில்லைப் பார்த்தாள், வாடகை மிச்சம் என்று நான் வெள்ளிக்கிழமை சொன்ன வாயைப் பார்த்தாள். நான் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

“அது என் கை பட்டு நெளிஞ்சிருச்சு கண்ணு. கார்ல ஏத்தறப்ப கொஞ்சம் அழுத்திட்டேன்.”

அறுபத்தெட்டு வயது, ஐம்பத்தைந்து கிலோ. அம்மிணி அவர் கையை ஒரு தரம் பார்த்தாள், ரிம்மை ஒரு தரம் பார்த்தாள், உள்ளே போய்த் தைலம் எடுத்துவந்தாள். அவர் கைக்குத்தான் தடவினாள்.