ஷட்டில் ரன் சோதனையை ஆய்வேட்டுக்கு எடுப்பவர்களுக்கு: களத்திலும் வைவாவிலும் எனக்குக் கைகொடுத்தவை

உடற்கல்வியும் விளையாட்டு அறிவியலும் படிக்கும் பலர் ஆய்வேட்டுக்கோ செய்முறைத் தேர்வுக்கோ 20 மீட்டர் ஷட்டில் ரன் சோதனையைத்தான் எடுக்கிறார்கள். 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையே, ஒலிப்பதிவில் வரும் பீப் ஒலிக்கு ஈடுகொடுத்துப் போய்த் திரும்பி ஓடும் சோதனை இது; ஒருமுறை 20 மீட்டரைக் கடப்பது ஒரு ஷட்டில், படிப்படியாகக் கூடும் வேகத்தின் ஒவ்வொரு படியும் ஒரு லெவல். நானும் முதுநிலைப் படிப்பில் அதைத்தான் எடுத்தேன். ஆய்வகத்தில் முகமூடி மாட்டி மூச்சுக் காற்றை அளக்க வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் சோதிக்க முடியும். ஷட்டில் ரன்னுக்கு சமதளமான இடம், இரண்டு கோடு, ஒலிப்பதிவு, ஒரு நல்ல ஸ்பீக்கர் போதும். அணி முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் இதில் அலட்சியம் புகுந்துவிடுகிறது. இதைச் செய்யப் போகிறவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: களத்தில் நாம் அளப்பது வீரர் கடைசியாக எட்டிப்பிடித்த வேகத்தை மட்டுமே. விஓ2 மேக்ஸ், அதாவது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன், அந்த வேகத்திலிருந்து சமன்பாடு வழியாக நாம் போடும் மதிப்பீடு. வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், என்னிடம் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன.

முதலில் சோதனையின் வரலாறு. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் லூக் லெஜே தன் சகாக்களோடு உருவாக்கிய முறை இது. 1982-இல் லெஜே, லாம்பர்ட் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் வேகம் 2 நிமிடத்துக்கு ஒருமுறை கூடும். 1988-இல் வந்த வடிவத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கூடும். இன்று பீப் டெஸ்ட் என்று எல்லோரும் ஓடுவது இந்த ஒரு நிமிட வடிவத்தைத்தான். மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி, லெவலுக்கு 0.5 வீதம் ஏறும். லெவல் எண்ணைப் பாதியாக்கி 8-ஐக் கூட்டினால் வேகம் வந்துவிடும். லெவல் 1-இல் 20 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 8.5 விநாடி கிடைக்கும். லெவல் 10-இல், அதாவது 13 கிலோமீட்டர் வேகத்தில், 5.5 விநாடிதான். சில ஒலிப்பதிவுகள் லெவல் 1-ஐ 8.0-இல் தொடங்கி, லெவல் 2-இல் நேராக 9.0-க்குத் தாவும். எந்தப் பதிவைப் பயன்படுத்தினீர்கள் என்பதை ஆய்வுமுறை அத்தியாயத்தில் கட்டாயம் எழுதுங்கள். 1982 கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு ஒரு நிமிட வடிவத்தை ஓடவைத்திருந்தால் தேர்வாளர் அதை உடனே பிடித்துவிடுவார்.

அடுத்தது டேப். ஆடுகளத்தில் ஏற்கெனவே போட்டிருக்கும் கோடுகளை நம்பியும், காலடியால் அளந்தும் இந்தச் சோதனையை நடத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 20 மீட்டருக்குப் பதில் 19.5 மீட்டர் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பீப் ஒலிக்கும் நேரம் மாறாது, தூரம் மட்டும் இரண்டரை சதவீதம் குறைகிறது. 13 கிலோமீட்டர் என்று நாம் எழுதும் இடத்தில் வீரர் உண்மையில் ஓடியது 12.7 கிலோமீட்டருக்கும் குறைவு. லெவல்களுக்கு இடையே இருப்பதே 0.5 கிலோமீட்டர்தான் என்னும்போது, பாதி லெவலுக்கு மேல் இலவசமாகக் கொடுத்துவிட்டோம். அதனால் எஃகு டேப்பைத் தரையோடு ஒட்டி, தொய்வில்லாமல் இழுத்து, ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். இரு முனையிலும் கோடு போடுங்கள். கோன் வைத்தால் அது கோட்டைக் காட்டும் அடையாளமாக மட்டும் இருக்கட்டும். கோன் மட்டும் இருந்தால் ஓடுபவர்கள் அதைச் சுற்றி வளைந்து திரும்பத் தொடங்கிவிடுவார்கள். கோட்டைத் தாண்டிப் போனாலும் தடையில்லாமல் ஓடி நிற்க, கோட்டுக்கு அப்பால் தாராளமாக இடம் விடுங்கள்.

ஒலியையும் இதே அக்கறையோடு பாருங்கள். முழுப் பதிவையும் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒருமுறை கேட்டு, லெவல்கள் சரியான இடைவெளியில் மாறுகின்றனவா என்று சரிபார்த்த பிறகே களத்துக்குப் போங்கள். போனில் ஓட விடுவதாக இருந்தால் ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் அந்தக் குழுவின் சோதனை அத்தோடு போயிற்று, அன்றே அவர்களைத் திரும்ப ஓடவைக்கவும் முடியாது. கடைசி ஓடுபாதையில் நிற்பவருக்கும் பீப் கேட்கிறதா என்று ஓட்டம் தொடங்கும் முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தின்போது கவனிக்க வேண்டியவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது திருப்பம். ஒரு காலாவது கோட்டின் மேலோ கோட்டைத் தாண்டியோ பட வேண்டும். ஒவ்வொரு 20 மீட்டருக்கும் வேகத்தைக் குறைத்து, நின்று, திரும்பி, மறுபடி வேகமெடுக்க வேண்டியிருப்பதால், லெவல் 10 ஓடும் வீரர் நடுப்பகுதியில் 13 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில்தான் போயாக வேண்டும். உடல் எடை கூடியவர்களுக்கும் திருப்பத்தில் பழக்கமில்லாதவர்களுக்கும் இந்த இடத்தில்தான் சக்தி வீணாகிறது. என் ஆய்வில் கலந்துகொண்ட ஹாக்கி வீராங்கனை ஒருவர் இரு முனைகளிலும் வலது காலையே ஊன்றித் திரும்பினார். மேல் லெவல்களில் மூச்சு இன்னும் சீராக இருக்கும்போதே அந்தத் தொடை துவண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஓரடி பின்தங்கிக்கொண்டே வந்தார். அவர் நின்றபோது களைத்திருந்தது கால்தான். அவருடைய லெவலை மட்டும் பார்க்கிறவர் இதயமும் நுரையீரலும் அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுவார். இதனால்தான் பதிவுத்தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் விடச் சொல்கிறேன். இதயத்துடிப்பு மானிட்டர் கிடைத்தால் கடைசித் துடிப்பையும் எழுதிவையுங்கள்; உச்சம் வரை முயன்றாரா, பாதியில் விட்டாரா என்பதைச் சொல்ல அது பெரிய சான்று.

ஆரம்ப லெவல்களில் சிலர் முந்திப் போய்க் கோட்டில் காத்து நிற்பார்கள். பீப்போடு சேர்ந்து கோட்டைத் தொடுவதுதான் முறை என்பதை வார்ம்-அப் நேரத்திலேயே சொல்லி, இரண்டு மூன்று ஷட்டில் ஓடவைத்துக் காட்டுங்கள். நிறுத்தும் விதியையும் ஓட்டத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். முதல்முறை பீப்புக்குள் கோட்டைத் தொடாவிட்டால் எச்சரிக்கை, அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் வெளியேற்றம் என்பது பரவலான நடைமுறை. அணித்தலைவருக்கு ஒரு விதி, புதிதாக வந்தவருக்கு ஒரு விதி என்று ஆகிவிடக் கூடாது. ஒரு பதிவாளருக்கு நான்கைந்து பேருக்கு மேல் ஒப்படைக்காதீர்கள்.

இனி தரவை உள்ளிடும் கட்டம். பலருடைய ஆய்வேடு சத்தமில்லாமல் கெடுவது இங்குதான். 9.4 என்று எழுதினால் 9-வது லெவலில் 4-வது ஷட்டில் என்று பொருள். அது தசம எண் கிடையாது. எக்செல்லில் 9.10 என்று அடித்தால் அது 9.1 ஆகிவிடும், பத்து ஷட்டில் முடித்தவர் நான்கு ஷட்டில் முடித்தவரைவிடக் கீழே போய்விடுவார். அந்தப் பத்தியை வைத்து சராசரியும், சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட்டும் போட்டால் வருவதெல்லாம் பிழை. லெவலுக்கு ஒரு பத்தி, ஷட்டிலுக்கு ஒரு பத்தி என்று பிரித்து உள்ளிட்டு, மொத்த ஷட்டில் எண்ணிக்கையாகவோ கடைசி வேகமாகவோ மாற்றிக்கொண்டு கணக்குப் போடுங்கள். வேகம் என்று எழுதினால், முழுதாக முடித்த லெவலின் வேகமா, நின்ற லெவலின் வேகமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சமன்பாட்டுக்கு வருவோம். 1988 கட்டுரையில் வேகம், வயது இரண்டும் உள்ளே போகின்றன: 31.025 + 3.238 × வேகம் − 3.248 × வயது + 0.1536 × வேகம் × வயது. பெரியவர்களுக்கு வயதை 18 என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 13 கிலோமீட்டர் வேகம் எட்டியவருக்கு இது கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 50.6 மில்லிலிட்டர் என்று தரும். அந்த .6-ஐ நம்பி வீரர்களை வரிசைப்படுத்தாதீர்கள். 1982 ஆய்வில் 91 பெரியவர்களை வைத்துப் பார்த்தபோது மதிப்பீட்டின் நியமப் பிழை, அதாவது மதிப்பீடு உண்மை அளவிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 5.4 மில்லிலிட்டர். 50 என்று வந்தவரின் உண்மையான அளவு 45-ஆகவும் இருக்கலாம், 55-ஆகவும் இருக்கலாம். 50 வந்தவரைவிட 52 வந்தவர் ஏரோபிக் திறனில் (ஆக்சிஜனைப் பயன்படுத்தி உழைக்கும் திறனில்) மேல் என்று எழுதினால் வைவாவில் தப்ப வழியில்லை.

சிறுவர்களைச் சோதிப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரே 11 கிலோமீட்டர் வேகத்துக்கு 12 வயதுச் சிறுவனுக்குச் சமன்பாடு 48 என்று தரும், 16 வயதுக்காரனுக்கு 42 என்று தரும். குறிப்பிட்ட வேகத்தில் ஓட, எடைக்கு எடை சிறுவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் செலவாகிறது. வளர வளர ஓட்டம் சிக்கனமாகிறது. அதைத்தான் வயதுக் கழிவு பிரதிபலிக்கிறது. ஆகவே நான்கு வருடம் அதே லெவலில் நிற்கும் பையனின் மதிப்பீடு தானாகவே இறங்கும். அதைப் பார்த்து அவன் பயிற்சியில் சோம்பிவிட்டான் என்று பயிற்சியாளரிடம் சொல்வது பெரிய அநியாயம். லெவலையோ வேகத்தையோ முதன்மை அளவாக வைத்து, விஓ2 மேக்ஸ் மதிப்பீட்டைத் துணைத் தகவலாக மட்டும் கொடுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எந்தச் சோதனை என்ற கேள்வியும் வரும். கால்பந்து, ஹாக்கி, கூடைப்பந்து போல ஓடி, நின்று, மறுபடி ஓடும் விளையாட்டுகளுக்கு யோ-யோ இடைவிட்ட மீட்புச் சோதனை நெருக்கமானது. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ வடிவமைத்தது. 20 மீட்டர் போய்த் திரும்பி வந்ததும் 10 விநாடி ஓய்வு. அந்த நேரத்தில் 5 மீட்டர் மெதுவாகப் போய்த் திரும்ப வேண்டும். முதல் நிலை மணிக்கு 10 கிலோமீட்டரிலும், தேர்ந்த வீரர்களுக்கான இரண்டாம் நிலை 13 கிலோமீட்டரிலும் தொடங்கும். மொத்த மீட்டரே மதிப்பெண். இதற்கும் சமன்பாடு உண்டு: முதல் நிலையில் ஓடிய மீட்டரை 0.0084-ஆல் பெருக்கி 36.4 கூட்ட வேண்டும். 1600 மீட்டருக்கு 49.8 வரும். ஆனால் யோ-யோவின் பலமே மீண்டெழும் திறனையும் சேர்த்துப் பார்ப்பதுதான். அதை மறுபடி ஆக்சிஜன் எண்ணாகச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பீப் டெஸ்ட்டையும் யோ-யோவையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடவே வேண்டாம். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குத் திருப்பமே தடை என்பதால் டிராக்கில் நேராக ஓடும் சோதனை பொருத்தமாக இருக்கும்.

இது உச்சம் வரை தள்ளும் சோதனை. உடல்நலக் கேள்வித்தாளும் ஒப்புதல் படிவமும் நிரப்பாதவரை ஓடவிடாதீர்கள். காய்ச்சல் விட்டு ஓரிரு நாளே ஆனவர், நெஞ்சு வலியோ மயக்கமோ வந்த வரலாறு உள்ளவர், மருத்துவர் அனுமதியில்லாமல் கோட்டில் நிற்கக் கூடாது. முதலுதவி தெரிந்த ஒருவர் வேறு வேலை இல்லாமல் களத்தில் இருக்க வேண்டும். முந்தைய நாள் கடும் பயிற்சி வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

பயிற்சிக்கு முன், பின் என்று இரண்டு முறை சோதிக்கும் ஆய்வுதான் அதிகம். அப்படியானால் தரவுக்குக் கணக்கில் எடுக்காத பழகு ஓட்டம் ஒன்றை முதலில் நடத்திவிடுங்கள். முதல்முறை ஓடுபவர் இரண்டாம்முறை கூடுதலாக ஓடுவதில் ஒரு பங்கு, பீப்பின் தாளம் பிடிபட்டதால் வருவது. இரண்டு சோதனைக்கும் அதே தரை, அதே காலணி, அதே பொழுது, அதே ஒலிப்பதிவு இருக்கட்டும். சிமெண்டில் ஒன்று, ஈரப் புல்லில் ஒன்று என்று வைத்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. முடிந்தால் பயிற்சி பெறாத ஒரு குழுவையும் இரண்டு முறை ஓடவிடுங்கள். அவர்களுக்கும் இரண்டு ஷட்டில் கூடியிருந்தால், உங்கள் பயிற்சிக் குழுவின் முன்னேற்றத்தில் எவ்வளவு பயிற்சியால் வந்தது என்று காட்ட அந்தக் குழு போதும். களத்தில் எழுதிய மூலப் பதிவுத்தாள்களை ஆய்வேட்டோடு வைவாவுக்குக் கொண்டுபோங்கள். என் தேர்வாளர் அட்டவணையில் ஒரு வீரரின் எண்ணைக் காட்டி, இவர் ஏன் நின்றார் என்று கேட்டார். தாளைப் புரட்டி, ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பையும் கடைசி இதயத்துடிப்பையும் காட்டினேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.