அடிக்குறிப்பு 17

எங்கள் வரலாற்றாசிரியர் சங்கத்தின் மாத இதழ் கைக்கு வந்தால் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுவேன். முதலில் அஞ்சலிக் குறிப்புகள், அப்புறம் வேலை அறிவிப்புகள், அப்புறம் வாசகர் கடிதங்கள். முன்னால் இருக்கும் தலைவர் உரையை எட்டிப் பார்ப்பதோடு சரி. இத்தனை வருடம் இப்படிப் படித்தவன், அதே இதழுக்கு எழுத உட்கார்ந்தபோது மட்டும் அதையெல்லாம் சுத்தமாக மறந்துவிட்டேன். அந்தக் கூத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு துறைமுகத்தின் சுங்கக் கணக்குகளை வைத்து மூன்று வருடம் வேலை பார்த்திருந்தேன். கருத்தரங்கில் வாசித்த கட்டுரை கையில் இருந்தது. அதைத் தட்டிக்கொட்டி, 5,200 சொற்களில், 61 அடிக்குறிப்புகளோடு அனுப்பிவைத்தேன். 1,500 சொற்களுக்கு மேல் வேண்டாம் என்று இதழிலேயே போட்டிருக்கும். விஷயம் கனமாக இருந்தால் இடம் கொடுக்காமலா போவார்கள் என்று ஒரு நினைப்பு.

மூன்று வாரம் கழித்து ஆசிரியரிடமிருந்து நாலு வரிப் பதில் வந்தது. முடிவுகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு இடம் ஆய்விதழ்தான் என்றார். பிறகு ஒரு கேள்வி: “17ஆம் அடிக்குறிப்பில், கேட்ட கோப்பு கிடைக்காமல் ஒரு பழைய பதிவேட்டை வைத்துக் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் விரித்து எழுதித் தருவீர்களா?”

மூன்று வருட உழைப்பு வேண்டாமாம், அடிக்குறிப்பு வேண்டுமாம். இரண்டு நாள் பதிலே போடவில்லை.

கோபம் தணிந்த பிறகு யோசித்தால், அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வாதத்தை நிறுவ ஆய்விதழ்கள் எப்போதோ வந்துவிட்டன. ஜெர்மனியின் ‘ஹிஸ்டோரிஷே ட்ஸைட்ஷ்ரிஃப்ட்’ 1859இல் தொடங்கியது. ‘இங்கிலிஷ் ஹிஸ்டாரிக்கல் ரிவ்யூ’ 1886இல், ‘அமெரிக்கன் ஹிஸ்டாரிக்கல் ரிவ்யூ’ 1895இல். அங்கே நம் காலத்தையும் நம் துறையையும் தெரிந்த நாற்பது பேர் படிப்பார்கள். சங்க இதழ் போகிற இடம் வேறு. பழங்காலக் கல்வெட்டு படிப்பவரும், போர்க்கால ரேஷன் பற்றி எழுதுபவரும், பள்ளியில் பாடம் நடத்துபவரும் ஒரே இதழைப் பிரிக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் என் துறைமுகத்தின் சுங்கவரியில் என்ன அக்கறை இருக்கப்போகிறது? எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான்: வேலை எப்படி நடக்கிறது என்பது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் மார்க் ப்ளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் 1929இல் ‘அன்னால்’ இதழைத் தொடங்கிய அதே வருடம், வயல் எல்லைகளைக் காட்டும் பழைய நிலப்படங்களைப் பற்றி ப்ளாக் எழுதினார். அவ்வளவு பெரிய மனிதரே சான்றுப் பொருளைப் பற்றி உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எனக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

இருந்தாலும் ஒரு உறுதிக்காக, தெரிந்த நாலு பேரிடம் சங்க இதழில் முதலில் எதைப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். மூத்தவர் ஒருவர், “அஞ்சலிதான். யார் யாரிடம் படித்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்” என்றார். ஒரு தோழி வகுப்பறைக் கட்டுரைகளை மட்டும் வெட்டி வைத்துக்கொள்கிறாராம். அதிலிருக்கும் பயிற்சிகளை அப்படியே எடுத்துத் தன் வகுப்பில் கொடுத்துவிடுவதாகக் கூச்சமே இல்லாமல் சொன்னார். அண்மையில் முனைவர் பட்டம் வாங்கிய பையன், பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலைக்குப் போனவர்கள் எழுதுவதைத்தான் தேடுகிறான். அதிலும் சம்பளம், வேலை நேரம் எல்லாம் மழுப்பாமல் எழுதியிருந்தால்தான் கடைசி வரை படிப்பானாம். நாலாவது ஆள் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர். “நீங்களெல்லாம் எங்களைப் பற்றி என்ன புலம்புகிறீர்கள் என்று பார்க்கத்தான் படிக்கிறேன்” என்றார். புதிய கண்டுபிடிப்புகளைப் படிக்கிறேன் என்று நாலு பேரில் ஒருவர் கூடச் சொல்லவில்லை.

சரி என்று அடிக்குறிப்பை எடுத்து எழுத ஆரம்பித்தேன். நடந்தது இதுதான். காப்பகத்தில் சுங்கக் கணக்குக் கோப்பு ஒன்றுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். “இந்த எண்ணில் கோப்பு இல்லை” என்று திரும்பி வந்தது. மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள், அங்கே நெடுநாளாக வேலை பார்க்கும் உதவியாளர் என் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “இது பழைய நம்பராச்சே” என்றார். மேசைக்கு அடியிலிருந்து துணி அட்டை போட்ட ஒரு தடித்த பதிவேட்டை இழுத்துப் போட்டார். இடப்பக்கம் பழைய எண்கள், பழுப்பேறிய மையில். வலப்பக்கம் புது எண்கள், பென்சிலில். என் எண்ணுக்கு நேரே புது எண் இல்லை, ஒரு கேள்விக்குறி இருந்தது. பக்கத்தில் வேறொரு துறையின் பெயர்ச் சுருக்கம். அது கலங்கரை விளக்கத் துறை என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று.

அந்தத் துறையின் கோப்பைப் பிரித்தால் மேலே விளக்கு மாடம் பழுதுபார்த்த கடிதப் போக்குவரத்து. அதன் பின்னால் என் சுங்கக் கணக்கு நூலால் தைக்கப்பட்டிருந்தது. விளக்குக்கு வாங்கிய எண்ணெய்க்கு எவ்வளவு வரி போட்டார்கள் என்று சரிபார்க்க யாரோ எழுத்தர் வாங்கி வந்திருக்கிறார். திருப்பிக் கொடுக்கவே இல்லை.

இதை எழுதிவிட்டு, “கவனக்குறைவால் இடம் மாறிப்போன கோப்பு” என்று ஒரு வாக்கியமும் போட்டேன். ஆசிரியர் அந்தப் படியை ஒரு காப்பக அலுவலரிடம் காட்டியிருக்கிறார். ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பை வரி வரியாகப் படித்தபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இடம் மாறவில்லை, அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்றார். எந்த அலுவலகத்திலிருந்து வந்ததோ அதன் தொகுதியிலேயே கோப்பை விட்டுவைப்பதுதான் காப்பகங்களின் முறை. 1841இல் பிரான்சின் அரசு சுற்றறிக்கை ஒன்று சொன்ன கொள்கை அது. முல்லர், ஃபைத், ஃப்ரௌன் ஆகிய மூன்று டச்சுக்காரர்கள் 1898இல் போட்ட கையேடு அதை விரிவாக வகுத்துக் கொடுத்தது. உள்ளடக்கத்தைப் பார்த்துச் சுங்கத் துறைக்கு மாற்றியிருந்தால், எழுத்தர் அதை வாங்கிப் போனார் என்ற தடயமே அழிந்திருக்கும். இதை மாணவனாக இருந்தபோது தேர்வுக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்!

குறிப்பின் கடைசி வரிதான் பெரிய அடி. “சுங்கத் தொடரில் வேறு ஆண்டுகளும் விடுபட்டிருக்கின்றனவா? எங்கே போயின என்று பார்த்தீர்களா?” பார்க்கவில்லை. என் நீண்ட கட்டுரையில், கணக்கு கிடைக்காத ஆறு ஆண்டுகளை வணிகம் படுத்துவிட்ட ஆண்டுகள் என்று எழுதியிருந்தேன். திரும்பப் போய்ப் பதிவேட்டில் தேடினேன். ஆறில் நான்கு அதே விளக்குத் துறைக் கோப்புகளில் கிடைத்தன. வணிகம் ஒன்றும் படுக்கவில்லை, கணக்குப் புத்தகங்கள்தான் அலமாரி மாறியிருந்தன. நீண்ட கட்டுரையின் நடுப்பகுதியை அப்படியே கிழித்துப் போட வேண்டியதாயிற்று. அதைச் சங்க இதழ் அப்படியே போட்டிருந்தால் என் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

திருத்தும் கட்டத்தில் ஆசிரியர் அதிகம் பேசவில்லை. “இக்கட்டுரை ஆராய முற்படுகிறது” என்ற தொடக்கத்தை அடித்தார். மிச்சமிருந்த ஒன்பது அடிக்குறிப்புகளில் எட்டைத் தூக்கினார். இரண்டு நாள் வெறுங்கையோடு திரும்பியதை நான் ஒரே வரியில் தாண்டியிருந்தேன். அந்த இடத்தில் “இங்கே நின்று எழுதுங்கள்” என்று எழுதியிருந்தார். தோற்ற இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுவது நம் தொழில் பழக்கம். அச்சில் வரும்போது, நேராக நடந்து போய் எடுத்து வந்த மாதிரி இருக்கும்.

கட்டுரை வந்த மாதத்தில் பதினோரு மின்னஞ்சல்கள். துறைமுகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பழைய எண்ணிலிருந்து புது எண்ணுக்குப் போகும் பதிவேடு தன் காப்பகத்திலும் இருக்குமா, யாரிடம் கேட்பது என்று ஐந்து பேர். ஆவணங்களை எடுத்த படங்களுக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்று மூன்று பேர். தொகுதி, கோப்பு எண், தாள் எண் என்ற வரிசையில் வைக்கிறேன், முதல் படமாக எப்போதும் கோப்பின் மேலட்டையை எடுக்கிறேன் என்று மூவருக்கும் ஒரே பதிலை ஒட்டி அனுப்பினேன். மீதி மூவர் தங்களுக்குக் கிடைக்காமல் போன கோப்புகளின் கதையை எழுதியிருந்தார்கள். ஒன்று என் கதையைவிட நீளம்.

போன மாதம் அதே காப்பகத்துக்குப் போனேன். பதிவேடு மேசைக்கு அடியில் இல்லை. படிப்பறையின் திறந்த அலமாரிக்கு வந்திருந்தது, ஆனால் அலமாரியில் அதன் இடம் காலியாக இருந்தது. சன்னலோரத்தில் ஒரு பெண் அதை விரித்து வைத்து விரலால் வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். மதியம் வரை என்றார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.